மக்குகிறதா என்று பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கு

சலவைத்தூளில் கலக்கும் ஒரு பொருள் சாக்கடை வழியாக ஆற்றை அடைந்தால் என்ன ஆகும்? இதற்குப் பதில் சொல்லத்தான் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) 301 வரிசைச் சோதனைகள். நம் ஆய்வகத்தில் அதிகம் செய்வது 301-எஃப். மூடிய பாட்டிலில் 28 நாள் ஆக்சிஜன் செலவை அளப்பது.

1. தண்ணீரில் பொருள் காணவில்லை என்பதற்காக மக்கிவிட்டது என்று எழுதாதீர்கள். அது சேற்றில் ஒட்டியிருக்கலாம், கண்ணாடியில் படிந்திருக்கலாம், ஆவியாகியிருக்கலாம். நுண்ணுயிர் தின்றிருந்தால் ஆக்சிஜன் செலவாகியிருக்கும், கரியமில வாயு வந்திருக்கும். அந்த வாயுவைப் பாட்டிலில் வைத்த காரம் உறிஞ்சிக்கொள்வதால் பாட்டிலுக்குள் அழுத்தம் குறையும்; நாம் அளப்பது அதைத்தான். மூடி லேசாகக் கசிந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

2. சோதனைக்கான கிருமிகளுக்கு, வீட்டுக் கழிவுநீர் வரும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சேறு எடுங்கள். ஆலைக்கழிவு கலக்கும் இடம் வேண்டாம். அங்குள்ள கிருமிகள் நம் பொருளுக்கு முன்பே பழகியிருக்கலாம். சாதாரண ஆற்றில் அந்தப் பழக்கம் இருக்காது. கொண்டுவந்ததும் காற்றூட்டுங்கள்.

3. துணைப் பாட்டில்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லாரும் சோதனைப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முதலில் காட்டவேண்டியது மற்றவை. பொருளே சேர்க்காத பாட்டில், கிருமிகள் தாமாகக் குடிக்கும் ஆக்சிஜனைச் சொல்லும். வழக்கமாக லிட்டருக்கு 20–30 மில்லிகிராம். 60-ஐத் தாண்டினால் செய்முறையையே சந்தேகப்படுங்கள். எளிதில் மக்கும் சோடியம் பென்சோயேட் போட்ட பாட்டில், அது முழுவதும் மக்கத் தேவையான ஆக்சிஜனில் 60 சதவீதத்தை 14 நாளுக்குள் எட்டவேண்டும். எட்டாவிட்டால் கிருமிகளிடம் தெம்பு இல்லை, சோதனை செல்லாது. சோதனைப் பொருளும் பென்சோயேட்டும் சேர்ந்த பாட்டில் அதே 14 நாளில் 25 சதவீதத்தைக்கூடத் தொடவில்லையா? உங்கள் பொருள் கிருமிகளை முடக்குகிறது. அளவைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

4. வெப்பநிலை 22 டிகிரி, இருட்டு. தினமும் குறித்து வையுங்கள்.

5. பொருளில் நைட்ரஜன் இருந்தால் கூடுதல் கவனம். வெளிவரும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போதும் ஆக்சிஜன் செலவாகும். அதைக் கழிக்காமல் விட்டால் குறைவாக மக்கிய பொருளும் அதிகம் மக்கியதுபோலத் தோன்றும்.

6. தேர்ச்சிக்கோடு 60 சதவீதம். மீதி எங்கே என்று கேட்பீர்கள். கார்பனில் ஒரு பங்கு கிருமிகளின் உடலாகிவிடுகிறது. 10 சதவீதம் தாண்டிய நாளிலிருந்து 10 நாளுக்குள் அந்தக் கோட்டை எட்டவேண்டும் என்பதும் விதி. இந்த வேகம் வீண் கண்டிப்பு அல்ல. 1950-களில் சலவைத்தூளில் இருந்த கிளைச்சங்கிலி ஏபிஎஸ் என்ற நுரைக்கும் பொருளைக் கிருமிகளால் விரைந்து உடைக்க முடியவில்லை. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்துக் கிடந்தன. 1960-களில் நேர்ச்சங்கிலி எல்ஏஎஸ்ஸுக்கு மாறியபிறகே நுரை அடங்கியது.

7. கோட்டை எட்டாத பொருளை "மக்காது" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். குறைந்த கிருமி, பழக்கமில்லாத கிருமி, 28 நாள் கெடு: இந்தக் கடுமையில் எளிதாக மக்கவில்லை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். கிருமிகள் அதிகமுள்ள 302 வரிசைச் சோதனைக்கு அதைக் கொண்டுபோங்கள்.