இனிப்புநீரும் இடுப்பளவும்

மேரு வட்டாரத்தில், முன்னர்த் தோட்டங்களில் உழைத்த குடும்பத்தினர் பலர் இன்று தொழிற்சாலைக் கூரையின்கீழ்ப் பணிபுரிகின்றனர். நடையும் வெயிலும் குறைந்தன. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 18 வயது நிரம்பிய மலேசிய இந்தியருள் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது.

வயிற்றுக் கொழுப்பு வெறும் சேமிப்பன்று, இயக்குநீர்களையும் சுரக்கின்றது. அவற்றுள் அடிப்போனெக்டின், இன்சுலினுக்குத் துணைபுரிவது. கொழுப்பு மிகுந்தால் அது குறையும். வெயிலால் தோலில் உண்டாகும் உயிர்ச்சத்து டியும் கொழுப்பிலேயே தங்கி, இரத்தத்தில் குறைகின்றது.

அவ்வாறாயின் மாத்திரை போதுமா? போதாது. நோய் வரும் நிலையிலிருந்த 2,423 பேரிடம் அமெரிக்காவில் நடைபெற்று, 2019இல் வெளியான ஆய்வில், உயிர்ச்சத்து டி மாத்திரை நோயைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்கவில்லை.

ஆகவே இடுப்பை அளந்து பார்ப்போம். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்படின், அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக் கொள்வோம். சோற்றைக் குறைத்து, நாள்தோறும் நடப்போமாக!