பயிற்சி வகுப்பில் ஆசிரியன் வளர்வது எவ்வாறு?

ஆசிரியத் தொழிலுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று கல்லூரி, மற்றொன்று பள்ளி. கல்லூரியில் உளவியலையும் கல்வித் தத்துவத்தையும் பாடம் புகட்டும் முறைகளையும் பயில்கிறோம். பள்ளியிலோ, நாற்பது சிறுவர் சிறுமியர் முன்னிலையில் நின்று, பயின்றவற்றுள் எது நிற்கும், எது நில்லாது என்பதைக் கண்டுகொள்கிறோம். இவ்விரண்டாம் வாயிலைப் பற்றியே இங்குச் சில கூற விரும்புகிறேன். நம் சங்கத்து அறிவியல் மாணவர் பலர், பட்டம் பெற்றபின் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் எண்ணம் உடையவர்கள். நான் அப்பயிற்சியை முடித்துவிட்டு, இப்போது இயற்பியலில் முதுகலை பயில்கிறேன். ஆதலின் என் அனுபவம் அவர்களுக்கு ஓரளவு பயன்படக்கூடும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளைக் கொண்டது. அதில் 20 வாரங்கள் பள்ளியில் கழிய வேண்டும். பெரும்பகுதி, அதாவது 16 வாரங்கள், இரண்டாம் ஆண்டில் வருகின்றன. இந்த வாரங்களைக் குறிப்பேடுகளை நிரப்பிக் கையொப்பம் வாங்கும் சடங்காகவும் கழிக்கலாம். ஓர் ஆசிரியன் உருவாகும் காலமாகவும் ஆக்கிக் கொள்ளலாம். இரண்டிற்கும் கிடைக்கும் சான்றிதழ் ஒன்றே. வேறுபாடு பிற்காலத்தில் அவனிடம் பயிலும் குழந்தைகளுக்கே தெரியும்.

பழைய வேர்

கற்பித்துக் கொண்டே கற்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்க்கு எழுத்தறிவித்தான். 1789-இல் சென்னை எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். ஏறத்தாழ எட்டு வயதுடைய ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனையே அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக இம்முறை சென்னை முறை என்ற பெயரோடு பிற நாடுகளிலும் பரவியது.

முறையான ஆசிரியப் பயிற்சி தமிழகத்தில் பின்னரே வந்தது. இன்று சைதாப்பேட்டையில் விளங்கும் ஆசிரியர் கல்லூரி 1856-இல் வேப்பேரியில் தொடங்கப்பெற்றதாகும். கருவிகளும் பாடத்திட்டங்களும் அன்றிலிருந்து எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் பிறர்க்குச் சொல்லப் புகும்போதுதான் நம் அறிவின் ஆழம் நமக்கே புலனாகிறது என்னும் உண்மை மட்டும் மாறவில்லை.

கவலையின் மூன்று படிகள்

பயிற்சி ஆசிரியனின் வளர்ச்சியை எவ்வாறு அளப்பது? அமெரிக்க நாட்டுக் கல்வி உளவியலார் பிரான்சிஸ் புல்லர் 1969-இல் இதற்கு ஓர் எளிய வழி காட்டினார். ஆசிரியன் எதைப் பற்றிக் கவலைப்படுகிறான் என்று பார்த்தால் போதும் என்பது அவர் கருத்தின் சாரம். இதனைப் பின்னர் மூன்று படிகளாக வகுத்தனர். முதற்படியில் கவலை தன்னைப் பற்றியது. 'என் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? பிள்ளைகள் என்னை மதிக்கிறார்களா?' இரண்டாம் படியில் கவலை பணியைப் பற்றியது, 'நேரம் போதுமா? சோதனை சரியாக வருமா?' மூன்றாம் படியில்தான் கவலை மாணவனைப் பற்றியதாகிறது. 'இந்தப் பெண் என்ன புரிந்துகொண்டாள்?'

முதலிரண்டு படிகளைக் கடக்க நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் பயிற்சி உதவுகிறது. இது 1963-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. நம் நாட்டில் வழங்கும் வடிவத்தில் ஒரு சுற்று 36 நிமிடங்கள்: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் குறைநிறை கேட்டல், 12 நிமிடம் திருத்தி அமைத்தல், 6 நிமிடம் மீண்டும் கற்பித்தல், 6 நிமிடம் மீண்டும் கருத்துரை. வினாக் கேட்டல், கரும்பலகையைப் பயன்படுத்தல் முதலிய திறன்களை ஒவ்வொன்றாகப் பழகுவதற்கு இது மிக நன்று. ஆயினும் இங்கே மாணவராக அமர்வோர் பெரும்பாலும் நம் தோழர்களே. மூன்றாம் படிக்கு உண்மையான குழந்தை வேண்டும்.

மலை ஏன் குளிர்கிறது?

என் தந்தையார் தொழிலின் பொருட்டு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து திருச்சானூரில் குடியேறியவர். ஆதலால் அவ்வூரை ஒட்டிய ஓர் உயர்நிலைப் பள்ளியில் எனக்குப் பயிற்சி வாய்த்தது. எட்டாம் வகுப்பில் வெப்பத்தைப் பற்றிய பாடம். வகுப்பறைச் சன்னலிலிருந்து திருமலை தெரியும். 'கீழே வியர்க்கிறது, மேலே குளிர்கிறது, ஏன்?' என்று கேட்டேன்.

கேட்டபின் பொறுத்திருந்தேன். மேரி பட் ரோ என்னும் ஆராய்ச்சியாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து, ஆசிரியர்கள் வினாக் கேட்டபின் சராசரியாக ஒரு வினாடியே காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் காட்டினார். அதை மூன்று வினாடியாக்கினால் விடைகள் நீள்கின்றன. வாய் திறவாதவர்களும் பேசுகின்றனர். மாணவர்களே வினா எழுப்புகின்றனர். மூன்று வினாடி அற்பமாகத் தோன்றலாம். வகுப்பின் முன் நிற்பவனுக்கு அது ஒரு நாழிகை!

முதலில் ஒரு பையன், 'மலை சூரியனுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. சூடு அதிகமாக அல்லவா இருக்க வேண்டும், சார்?' என்றான். சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. திருமலை திருப்பதியைவிட உயர்ந்திருப்பது ஏறத்தாழ 700 மீட்டர். அந்த நெருக்கம் கணக்கில் வராது என்று பிள்ளைகளே கணக்கிட்டுச் சொன்னார்கள். பிறகு வெயில் முதலில் நிலத்தைச் சூடாக்குகிறது, நிலம் காற்றைச் சூடாக்குகிறது என்றேன். கோயில் வாசற் கருங்கல்லில் நண்பகலில் வெறுங்காலுடன் நடந்த பிள்ளைகளுக்கு இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அப்போது, மூன்று வாரமாக ஒரு சொல்லும் பேசாதிருந்த ஒரு சிறுமி எழுந்தாள். 'சூடான காத்து மேலேதானே போகும்னு போன பாடத்துல சொன்னீங்க, சார்? அப்போ மலைதானே சூடா இருக்கணும்?' என்று கேட்டாள். தமிழிலேயே கேட்டாள். அவள் வீட்டு மொழி தமிழ் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அன்றைய பாடத்தின் உயிர்நாடி அவ்வினாவே. அதைத் தெலுங்கில் வகுப்புக்கு எடுத்துரைத்து, 'இவள் கேட்டதற்கு யார் விடை சொல்வீர்கள்?' என்றேன். பிறகு ஒரு மிதிவண்டியைக் கொணரச் செய்து, சக்கரத்தின் வால்வை அழுத்தி, வெளிவரும் காற்றைப் புறங்கையில் உணரச் சொன்னேன். 'சல்லகா உந்தி' என்று கூவினார்கள். அடைபட்டிருந்த காற்று விரிகிறது. விரியும்போது தன் ஆற்றலைச் செலவிட்டுக் குளிர்கிறது. மேலே செல்லும் காற்றும் அவ்வாறே. உயரத்தில் அழுத்தம் குறைவு; ஆகவே காற்று விரிகிறது, குளிர்கிறது. சராசரியாக 1000 மீட்டர் உயரத்திற்கு 6.5 பாகை செல்சியசு குறையும். 700 மீட்டருக்கு ஏறத்தாழ 4.5 பாகை என்று அச்சிறுமியே கரும்பலகையில் போட்டுக் காட்டினாள்.

எந்த மொழியில் சிந்திப்பது?

சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி நம் பக்கம் சேர்ந்தது. கோடுகள் நகர்ந்தாலும் மக்கள் கலந்தே வாழ்கின்றனர். இப்பகுதிக் குழந்தைகள் சிலருக்கு வீட்டில் தமிழ், விளையாட்டில் தெலுங்கு, பாடநூலில் ஆங்கிலம். பாடநூலின் தெலுங்குப் பக்கத்தில் 'உஷ்ணோக்ரத' என்றிருக்கும். பிள்ளையின் வாயில் வழங்குவது 'வேடி'. என் மனத்தில் எழுவது 'வெப்பநிலை'. மூன்றையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதை வழக்கமாக்கினேன். இதில் வேடிக்கையும் உண்டு. தமிழர் 'காலிப் புட்டி' என்பர். தெலுங்கில் 'காலி' என்று ஒலிப்பது காற்று. காலிப் புட்டி காலியன்று, அதில் 'காலி' நிறைந்துள்ளது என்றபோது எழுந்த சிரிப்பில், காற்று இடத்தை அடைக்கும் என்னும் உண்மை அனைவர்க்கும் பதிந்துவிட்டது.

'அர்த்தமைந்தா?' என்று கேட்டால் நாற்பது குரலும் 'ஆயிந்தி, சார்' என்று ஒலிக்கும். அவ்வொலி புரிந்ததற்குச் சான்றாகாது. ஒரு குழந்தை தன் சொந்தச் சொற்களில் எதிர்வினா எழுப்புவதே சான்று. பாடக் குறிப்பேட்டில் 'மாணவர் செயல்' என்னும் பத்தியில் 'உற்றுக் கேட்பர்' என்று எழுதுவது எங்கும் உள்ள வழக்கம். அந்நாளுக்குப் பிறகு, அப்பத்தியில் பிள்ளைகள் எழுப்பக்கூடிய ஐயங்களை எழுதலானேன். என் கவலை மூன்றாம் படியை அடைந்தது அங்கேதான் என்பேன்.

நம்மவர்க்குச் சில சொற்கள்

1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையில், 1960 முதல் பணியாற்றியவர் பேராசிரியர் ந. சுப்பு ரெட்டியார். அறிவியல் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றுத் தமிழுக்கு வந்தவர். காரைக்குடி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்தவர். 'தமிழ் பயிற்றும் முறை' என்னும் நூலையும் அணுவைப் பற்றிய நூல்களையும் இயற்றியவர். அறிவியலும் கற்பித்தலும் தமிழும் ஒருவரிடம் கூடி வாழ முடியும் என்பதற்குத் திருப்பதியிலேயே சான்று உண்டு.

ஆகவே, பயிற்சிக்குச் செல்லும் நண்பர்கள் மூன்றை மனத்திற் கொள்க. வினாக் கேட்டபின் மூன்று வினாடி பொறுங்கள். ஒவ்வொரு குழந்தையின் வீட்டு மொழி எது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டறியுங்கள். நாள்தோறும் வகுப்பு முடிந்ததும், எவரெவர் என்னென்ன கேட்டனர் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். முதல் வாரத்துத் தாள் வெறுமையாக இருக்கலாம். அதனால் சோர்வுற வேண்டா. பதினாறாம் வாரத்தில் அத்தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். உங்கள் வளர்ச்சியை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் வேறில்லை.