கரையை நம்பிய பறவை

நிக்கோபார்த் தீவுகளில் மட்டுமே வாழும் பறவை, நிக்கோபார் மெகபோடு. இதன் இரு துணையினங்களுள் ஒன்று பெரிய நிக்கோபாரிலும் சிறிய நிக்கோபாரிலும், மற்றொன்று அவற்றின் வடக்கேயுள்ள தீவுகளிலும் வாழ்கின்றன.

இப்பறவை முட்டைகளின்மீது அமர்ந்து அடைகாப்பதில்லை. கடலோரக் காட்டில் மணலையும் சருகையும் கால்களால் குவித்து, அம்மேட்டினுள் முட்டையிடும். சருகு மட்கும்போது எழும் வெப்பத்தால் குஞ்சு பொரியும். மேட்டிலிருந்து வெளிவரும் குஞ்சு, தாயின் துணையின்றியே வாழத் தொடங்கும்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கரையோர மேடுகள் பலவற்றை அழித்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையை வேட்டையிலிருந்து காக்கிறது. ஆயினும், கரைக்காடு அழிந்தால் மேடு இல்லை. மேடு இல்லையேல் அடுத்த தலைமுறையும் இல்லை. எனவே, இப்பறவையைக் காப்பது என்பது அதன் கரையைக் காப்பதே ஆகும்.