கூட்டுவோம், தேடுவோம், கண்டடைவோம்

விடிந்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதல் வேலை வாசல் கூட்டுவதுதான். யாரும் அதைப் பெரிய வேலையாக எண்ணுவதில்லை. செய்தால் கண்ணில் படாது, செய்யாவிட்டால்தான் தெரியும். இம்முறை அந்தச் சிறு வேலையையே நமது பாடமாக எடுத்துக்கொள்வோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது கண்டி மாவட்டத்தின் பல மலைச்சரிவுகளில் மண் சரிந்தது. வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு மக்கள் பொதுக் கட்டடங்களில் தஞ்சம் புகுந்தனர். கலஹாப் பக்கத்தில் அவ்வாறு தங்கியிருந்த குடும்பங்களைக் காணச் சென்றோம். தாய் ஒருவர் இரவல் விளக்குமாற்றால் மண்டபத்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். "இங்கேயுமா அம்மா?" என்று கேட்டோம். "வீடு போயிருச்சு சாமி, கூட்டுற பழக்கம் போகலியே" என்றார். நாம் ஆறுதல் சொல்லப் போனோம்; பாடம் கற்றுத் திரும்பினோம்.

நற்செய்தியில் ஒரு விளக்குமாறு

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரம் 8 முதல் 10 வரையுள்ள வசனங்களை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த ஒரு பெண் அதில் ஒன்றைத் தொலைக்கிறாள். விளக்கை ஏற்றுகிறாள், வீட்டைக் கூட்டுகிறாள், கிடைக்கும்வரை தேடுகிறாள். கிடைத்ததும் தோழியரையும் அயலாரையும் கூப்பிட்டு மகிழ்கிறாள்.

மூலமொழியில் அக்காசின் பெயர் திராக்மா. அது ஏறத்தாழ ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அக்காலத்து ஏழை வீடுகளில் சன்னல் சிறியது. உள்ளே வெளிச்சம் குறைவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் சம்பளம் தொலைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

முதற் பாடம்: தொலைந்ததைத் தேடுவது விசுவாசமே

"எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று அந்தப் பெண் மூலையில் உட்காரவில்லை. இடம்பெயர்ந்த பலர் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காணிப் பத்திரத்தையும் மண்ணுக்குள் விட்டு வந்திருக்கிறார்கள். ஒரு துண்டுக் காகிதத்தின் பெறுமதி மலையக மக்களுக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. இடையில் கழிந்தவை 55 ஆண்டுகள்.

ஆகவே தாமதிக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கட்டும். இருளில் தேடுபவருக்கு விளக்குப் பிடிப்பதென்பது அதுவே.

இரண்டாம் பாடம்: நம் வாசல் அயலானின் வாசலும் ஆகும்

டெங்கு நுளம்பு சிரட்டையிலும் தகரத்திலும் பொலித்தீன் பையிலும் தேங்கும் சிறிதளவு நல்ல தண்ணீரில் பெருகும். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் செல்லும். எனவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, முட்டை ஒட்டியிருக்கக்கூடிய பாத்திரங்களின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அது பெருகாது. ஆனால் நாம் துப்புரவாக்கி, பக்கத்துக் குடும்பம் விட்டுவிட்டால் பயனில்லை. நுளம்புக்கு வேலி கிடையாது. உன்னைப்போல் உன் அயலானையும் நேசி என்ற கட்டளை, நெருக்கமாய் வாழும் இடத்தில் இப்படியும் நிறைவேறுகிறது. கூட்டிய சருகை எரிக்காமல் ஒரு குழியில் சேர்த்தால் நாளைய பயிருக்குப் பசளையாகும்.

மூன்றாம் பாடம்: விளக்குமாறு இழிவன்று

பேரு நாட்டின் லீமா நகரில் 1579இல் பிறந்தவர் புனித மார்ட்டின் தே போரஸ். தாய் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண், தந்தை ஸ்பானியர். கலப்பினத்தவர் என்பதனால் துறவற மடத்தில் வேலையாளாகவே முதலில் சேர்க்கப்பட்டார். கூட்டினார், நோயாளரைக் கவனித்தார். அதே மனிதரை 1962இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் புனிதராக அறிவித்தார். கையில் விளக்குமாற்றுடனேயே அவரது படத்தை வரைகிறார்கள்.

இன்னுமொன்று. தொலைந்தவரைத் தேடும் இறைவனுக்கு இயேசு இங்கே உவமை காட்டுவது வீடு கூட்டும் ஒரு பெண்ணை. அப்படியிருக்க, நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு வரும் மனைவியே வந்து கூட்டட்டும் என்று ஆண்கள் திண்ணையில் இருப்பது சரியா? தகப்பன் கையில் விளக்குமாற்றைக் கண்ட மகன் அந்த வேலையை இழிவாக நினைக்கமாட்டான்.

பத்தாவது காசு

ஒன்பது காசு கையிலிருந்தும் அந்தப் பெண்ணுக்கு மனம் ஆறவில்லை. உதவிப் பட்டியல் வரும்போது நாம் என்ன செய்கிறோம்? நம் பெயரைத் தேடிப் பார்த்ததும் தாளை மடித்துவிடுகிறோம். பெயர் விடுபட்ட ஒரு கைம்பெண் இருக்கலாம். வாசிக்கத் தெரியாத ஒரு முதியவர் இருக்கலாம். அவர்களே நமது பத்தாவது காசு. அயல் குடும்பத்துக்குப் புதிய காணி கிடைத்தால் பொறாமைப்படாமல் கூடி மகிழ்வதும், கிடைக்காதவருக்காகக் கூடிப் போய்க் கேட்பதும் இவ்வுவமையின் முடிவுதான்.

குழுவாகக் கலந்துரையாட

1. நம் குடும்பத்தில் தொலைந்துபோன பத்திரங்கள் எவை? அவற்றைப் பெற இந்த வாரம் யார் போகப் போகிறோம்?

2. பொது இடத்தை முறைவைத்துத் துப்புரவாக்க எந்த நாளைத் தெரிவு செய்வோம்? ஆண்களின் முறை எது?

3. நம் நடுவில் விடுபட்டுப்போனவர் யார்? அவரை யார் போய்ச் சந்திப்பது?

நாளைக் காலை விளக்குமாற்றைக் கையில் எடுக்கும்போது ஒரு சிறு செபம் சொல்வோம்: ஆண்டவரே, தொலைந்ததைத் தேடும் மனதை எங்களுக்குத் தாரும்.