வயதுச் சான்று: சட்டமும் கடைவாசலும்

திருப்பதிக்கு வரும் யாத்திரிகருக்கு வயதை மெய்ப்பிப்பது புதிய அனுபவம் அன்று. திருமலையில் 65 வயது நிறைந்த முதியோருக்கெனத் தனித் தரிசன வசதி உண்டு. அதற்கு வயதைக் காட்டும் ஆவணம் கேட்கப்படுகிறது. ஒரு வயது நிறையாத கைக்குழந்தையுடன் வரும் பெற்றோரிடம் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. கேட்பவருக்கும் தயக்கம் இல்லை. காட்டுபவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மலையில் புகையிலைக்கும் மதுவுக்கும் தடை உண்டு. மலையடிவாரத்து நகரிலோ அவை விற்பனைப் பொருள்கள். அங்கே ஒரு பெட்டிக் கடைக்கு அரும்பு மீசை இளைஞன் ஒருவன் வந்து ஒற்றைச் சிகரெட் கேட்டால், அவனுடைய வயதை விசாரிக்கும் வழக்கம் அரிதாகவே காணப்படுகிறது. முதியவரின் உரிமைக்குச் சான்று கேட்கும் சமுதாயம், சிறுவனின் நலனுக்குச் சான்று கேட்கத் தயங்குவது ஏன் என்பது ஆராயத்தக்கது.

சட்டத்தின் நிலை

சிகரெட்டுகள் மற்றும் இதரப் புகையிலைப் பொருள்கள் சட்டம் 2003ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் 6ஆம் பிரிவு, 18 வயது நிறையாதவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதையும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத் தொலைவுக்குள் அவற்றை விற்பதையும் தடை செய்கிறது. விற்பனை இடத்தில் 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட வேண்டும் என விதிகள் கூறுகின்றன. 18 வயது நிறையாதவரைக் கொண்டு விற்பனை செய்வதும் கூடாது.

2004ஆம் ஆண்டு விதிகளில் முக்கியமான ஓர் அம்சம் உண்டு. வாங்கியவர் சிறுவர் அல்லர் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவரையே சாரும். ஐயம் எழுந்தால், 18 வயது நிறைந்ததற்குத் ‘தகுந்த சான்று’ காட்டும்படி அவர் கேட்கலாம். எந்த ஆவணம் தகுந்த சான்று என்பதை விதி வரையறுக்கவில்லை. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

மேற்கூறிய 6ஆம் பிரிவை மீறினால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்ச அளவு 200 ரூபாய். ஆனால், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. மதுவைப் பொறுத்தவரை ஆந்திரப் பிரதேசத்தில் வயது வரம்பு 21 ஆகும். மாநிலத்தில் 2019 முதல் அரசே நடத்திவந்த மது சில்லறை விற்பனை 2024 அக்டோபரில் மீண்டும் தனியார் உரிமதாரர்களிடம் சென்றது. ஆகவே வயதைக் கவனிக்கும் பொறுப்பும் அரசு ஊழியரிடமிருந்து வணிகரின் கைக்கு மாறியுள்ளது.

எந்த ஆவணம் தகுந்தது?

இளைஞர்களிடம் பெரும்பாலும் இருப்பது ஆதார் அட்டை. ஆனால் அது ஆளை அடையாளம் காட்டுவது. பிறந்த தேதிக்குச் சான்றாகாது. 2023 டிசம்பரில் ஆதார் ஆணையமே இதைத் தெளிவுபடுத்தியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில், இறந்தவரின் வயதை ஆதாரைக் கொண்டு கணக்கிடாமல் பள்ளிச் சான்றிதழைக் கொண்டே கணக்கிட்டது. பதிவின்போது வாய்மொழியாகக் கூறப்பட்ட தேதியும் ஆதாரில் இடம்பெறக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வயதை நிர்ணயிக்கச் சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒரு வரிசையை வகுத்துள்ளது. பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலிடம் பெறுகிறது. அது இல்லையெனில் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி வழங்கிய பிறப்புச் சான்றிதழ் ஏற்கப்படும். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் மருத்துவப் பரிசோதனை. அத்தகைய கணிப்பில் இரு பக்கமும் இரண்டு ஆண்டு வரை பிழை நேரலாம் என உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. மருத்துவரின் கணிப்பே இரண்டு ஆண்டு பிசகுமானால், கடைக்காரரின் கண்மதிப்பு எம்மாத்திரம்?

ஆனால் நீதிமன்றத்துக்கு உகந்த இச்சான்றுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் செல்வார் யாருமில்லை. நடைமுறைக்கு ஏற்றவை இரண்டு. வாக்காளர் அட்டை 18 வயது நிறைந்தவருக்கே வழங்கப்படுவதால் அதைப் பெற்றிருப்பதே ஒரு சான்றாகும். 2022 ஆகஸ்ட் முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் ஏற்பட்டுள்ளமையால், 18 வயது நிறைந்தவர் இதற்காக ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மற்றொன்று, பிறந்த தேதி அச்சிடப்பட்டுள்ள வாகன ஓட்டுநர் உரிமம்.

வேர் பிறப்புப் பதிவில்

எந்த அட்டையானாலும் அதன் நம்பகத்தன்மை பிறப்புப் பதிவைப் பொறுத்ததே. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். திருப்பதியின் பெரிய அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைக்கு இது எளிது. சித்தூர் மாவட்டத்தின் உட்கிராமத்தில், வீட்டிலேயே பிறந்த குழந்தையின் பெற்றோர் இதை மறந்துவிட்டால், பின்னர் பள்ளியில் சேர்க்கும் நாளில் ஏதோ ஒரு தேதி எழுதப்படுகிறது. அதுவே அவரது வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. குழந்தையின் பெயர் சேர்க்கப்படாத சான்றிதழும் பின்னாளில் இடர் தருவதே.

2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்நிலையை மாற்ற முனைகிறது. 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், அரசுப் பணி ஆகியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரமாகும். எனினும் இத்தலைமுறையின் முதல் குழந்தை 18 வயதை எட்டுவது 2041ஆம் ஆண்டில்தான். அதுவரை பலவகை ஆவணங்களைக் கொண்டே காரியம் நடத்த வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவம்

பிரிட்டனில் வயதுச் சான்று அட்டைகளுக்கென 2001ஆம் ஆண்டு முதல் ஒரு தர முத்திரைத் திட்டம் இயங்குகிறது. வெவ்வேறு அமைப்புகள் அட்டை வழங்கினாலும் ஒரே முத்திரை இருப்பதால் கடைக்காரர் எளிதில் அடையாளம் காண்கிறார். 25 வயதுக்குக் குறைந்தவர்போல் தோன்றும் எவரிடமும் சான்று கேட்பது அங்குப் பல கடைகளின் நடைமுறை. இதனால் கேள்வி தனிமனிதர்மீதான சந்தேகமாகாமல் பொது வழக்கமாகிறது. சிங்கப்பூர் புகையிலைக்கான வயதை 2019 முதல் ஆண்டுக்கு ஒன்றாக உயர்த்தி, 2021இல் 21 ஆக்கியது. இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும், ஐயமுள்ளபோது வயதுச் சான்று கேட்பதை வலியுறுத்துகிறது. உதிரிச் சிகரெட் விற்பனையைத் தடுக்கவும் கூறுகிறது.

செய்யத்தக்கவை

2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவருள் 8.5 சதவீதத்தினர் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. புதிய அட்டை ஒன்றை அச்சிடுவதால் மட்டும் இது குறைந்துவிடாது. முதலாவதாக, எவை தகுந்த சான்று என்பதற்கு ஒரு சிறு பட்டியல் தேவை. அதைத் தெலுங்கிலும், எல்லையோரத்தில் தமிழிலும் எழுதி எச்சரிக்கைப் பலகையின் அருகே வைக்கலாம். இரண்டாவதாக, இளமைத் தோற்றமுள்ள அனைவரிடமும் சான்று கேட்பது வழக்கமாக வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டால் சண்டை. எல்லோரிடமும் கேட்டால் முறை.

மூன்றாவது அந்தரங்கம் பற்றியது. கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது வயது நிறைந்ததா என்பது ஒன்றே. முகவரியோ அட்டை எண்ணோ அவருக்குத் தேவையில்லை. சான்றைக் கண்ணால் பார்த்துத் திருப்பித் தருவதே முறை. நகல் எடுத்து வைப்பது கூடாது. நான்காவதாக, அதிகாரிகளின் கண்காணிப்பு தண்டனையோடு நின்றுவிடலாகாது. நாளொன்றுக்குச் சில நூறு ரூபாய் ஈட்டும் சிறு வணிகர், வாடிக்கையாளரை இழக்க அஞ்சியே கேள்வி கேட்கத் தயங்குகிறார். தெருவின் எல்லாக் கடைகளும் ஒருசேரக் கேட்டால் அந்த அச்சம் நீங்கும்.

வயதுச் சான்று இளைஞனை அவமதிக்கும் கருவி அன்று. முதியவருக்கு வழிவிடுவதற்காக வயதைக் கேட்கும் அதே ஊர், சிறுவனைக் காப்பதற்காகவும் அக்கேள்வியைக் கேட்கப் பழகுமானால், சட்டத்தின் நோக்கம் கடைவாசலிலேயே நிறைவேறும்.