இணையதளத்திற்கு எந்த இடம்?

கடைக்கு இணையதளம் வைக்க நினைப்போர் பலரும் 'ஷேர்டு ஹோஸ்டிங்கா, வி.பி.எஸ்.ஸா?' என்று என்னிடம் கேட்கிறார்கள்.

முதலாவது, பலர் சேர்ந்து சரக்குப் போடும் பொதுக் கிடங்கு. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். வாடகை குறைவு, சர்வரைப் பராமரிப்பது கம்பெனிக்காரர் பொறுப்பு. பக்கத்துத் தளத்தில் கூட்டம் கூடினால் நம் தளமும் மந்தமாகும். அவர் வேண்டாத மின்னஞ்சல்களை அள்ளி வீசினால், பொதுவான ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறி, நாம் அனுப்பும் விலைப்பட்டியலும் போய்ச் சேராது.

வி.பி.எஸ். என்பது அதே கிடங்கில் சுவர் வைத்துத் தடுத்த தனி அறை. நினைவகம் இவ்வளவு என்று நமக்கே ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் சாவி நம்மிடம் வந்தால் காவலும் நம்முடையதே. 2019 தீபாவளிக்கு முன் நான் அப்படி எடுத்தேன். மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் வைக்கவில்லை. எவனோ உள்ளே புகுந்து, பருப்பு விலை இருந்த பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டான். நகலும் எடுத்து வைக்கவில்லை (எண்ணெய் டின்னைத் தினம் எண்ணிப் பூட்டுகிறவன் நான்!). விலைகளை மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் பண்டிகை வியாபாரம் போய்விட்டது.

விலைப்பட்டியலும் தொலைபேசி எண்ணும் போதுமென்றால் ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும். தினசரி ஆர்டர் குவிகிறவர்கள், பராமரிப்போடு சேர்த்துத் தரும் வி.பி.எஸ். கேளுங்கள். எதுவானாலும் முதலாண்டுச் சலுகையில் மயங்காமல், இரண்டாமாண்டு வாடகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.