நிலத்தடியில் மறைந்த நீர்நிலைகள்



லெம்பா பெர்த்தாமில் வாழும் நமக்கு நீரின் அருமையும் தெரியும். அதன் வலிமையும் தெரியும். 1963ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை, பெர்த்தாம் ஆற்றைத் தேக்கி ரிங்லெட் ஏரியாக்கியது. அந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே சென்று மின்சாரம் தருகிறது. நாள்தோறும் பயன்படுவதால் அதனைக் கவனிக்க ஆட்கள் உண்டு. பயன் நின்றுபோன நிலத்தடி நீர்த்தேக்கங்களின் நிலை என்ன? உலகில் நடந்தவற்றைப் பார்ப்போம்.

துருக்கியின் இஸ்தான்புல் நகரில், ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் மன்னர் பெரியதொரு நிலத்தடி நீர்த்தேக்கத்தை அமைத்தார். வரிசைக்கு 28 வீதம் 12 வரிசைகளில் 336 தூண்கள்! காலப்போக்கில் நகரம் அதை மறந்தது. மேலே குடியிருந்தவர்கள் வீட்டுக்கு அடியில் இருந்த துளை வழியே வாளி விட்டு நீர் மொண்டார்கள், மீனும் பிடித்தார்கள். பெத்ருஸ் கில்லியுஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1540களில் உள்ளே இறங்கிப் பார்த்து எழுதிய பிறகே அதன் பெருமை வெளியுலகுக்குத் தெரிந்தது. 1987ஆம் ஆண்டு அது பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

ஹாங்காங்கின் பிஷப் ஹில் குன்றில் 1904ஆம் ஆண்டு கட்டப்பட்ட நீர்த்தேக்கம் 1970ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. 2020 டிசம்பரில் அதை இடிக்கத் தொடங்கியபோது, கருங்கல் தூண்களும் செங்கல் வளைவுகளும் வெளிப்பட்டன. அப்பகுதி மக்கள் குரல் எழுப்ப, இடிப்பு நின்றது. சில தூண்கள் அதற்குள் சேதமாகிவிட்டன. மறுஆண்டே அது முதல்தர வரலாற்றுக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. இடிப்பதற்கு முன் முறையாக ஆராய்ந்திருந்தால் அந்தச் சேதமும் நேர்ந்திராது.

நம் முன்னோர் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் 'நடவாவி' என்னும் கிணறு உண்டு. படிகளில் நடந்து இறங்கினால், பூமிக்கடியில் தூண்களோடு கூடிய மண்டபம். அதன் நடுவே கிணறு. மண்டபம் பெரும்பாலான நாட்கள் நீரில் மூழ்கியிருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு நீரை இறைத்துவிட, வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருளுகிறார். அப்பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளமும் அவ்வாறே. அதனுள் இருக்கும் அத்திவரதர் 1979ஆம் ஆண்டும், நாற்பது ஆண்டுகள் கழித்து 2019ஆம் ஆண்டும் வெளியே எழுந்தருளினார். அதற்காகக் குளத்து நீரை இறைத்துத் தூர் வாரினார்கள்.

இதன் உட்பொருளைச் சிந்திக்க வேண்டும். திருவிழா என்பது வழிபாடு மட்டுமன்று. மறக்காமல் இறங்கிப் பார்க்கும் ஏற்பாடும் ஆகும். விழா நின்றால் படியில் மண் சேரும். மண் சேர்ந்தால் கிணறு மறையும்.

ஆயினும் ஆர்வ மிகுதியால் பழைய கிணற்றிலோ மூடிய தொட்டியிலோ எவரும் இறங்கிவிடலாகாது. அழுகும் இலைகளும் துருவேறும் இரும்பும் உள்ளிருக்கும் பிராணவாயுவைக் குறைத்துவிடும். காற்றில் சாதாரணமாக 20.9 விழுக்காடு இருக்கும் அவ்வாயு, 19.5க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து. கரியமிலவாயு கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்யும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் போதாது. மீத்தேன் இருந்தால் தீப்பற்றும். விழுந்தவரைக் காப்பாற்ற ஓடி இறங்குபவரே அடுத்துப் பலியாவது பல ஊர்களில் நடந்த துயரம். மலேசியாவில் இத்தகைய அடைபட்ட இடங்களுக்கென்றே 2010ஆம் ஆண்டின் நடைமுறை விதித்தொகுப்பு உண்டு. எழுத்துப்பூர்வ அனுமதி, வாயுச் சோதனை, வெளியே காவல் நிற்கும் ஆள் ஆகியவை இல்லாமல் இறங்குதல் கூடாது.

ஆலயத் திருப்பணிக்கு வாரி வழங்கும் அன்பர்கள், கோபுரத்திற்குக் கொடுப்பதுபோல் கிணற்றுக்கும் குளத்திற்கும் கொடுத்து உதவுங்கள். பழைய கிணறோ தொட்டியோ இருந்தால், மூடுவதற்கு முன் பெரியவர்களைக் கேட்டு அதன் வரலாற்றை எழுதி வையுங்கள். படம் எடுத்து வையுங்கள். உரியவர்களைக் கொண்டு சோதியுங்கள். கோபுரத்தை எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். குனிந்து பார்க்கவும் சிலர் வேண்டும்.

நீர்வளம் பெருகுக! அறம் தழைத்தோங்குக!